“இடுப்பு விட்டுப்போச்சு அக்கா”: வேலைக் களைப்பும் உடல் வலியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆப்பரேட்டராக நுழைந்தவள் நான். பதினோரு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தேன். மணிக்கட்டு கெட்ட பிறகு பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து கைப்பையில் ஓர் அளவு நாடா இருக்கும். ஃபேக்டரி பஸ்ஸிலும், கோயில் அன்னதானப் பந்தியிலும், லிட்டில் இந்தியாவில் வெண்டைக்காய் பொறுக்கும்போதும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

“எர்கோனோமிக்ஸ்னா விலை கூடின நாற்காலி வாங்குறதுதானே அக்கா?”

நாற்காலி விற்பவர்கள் அப்படித்தான் நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். வேலைக்கேற்ப ஆளை வளைக்காமல், ஆளுக்கேற்ப வேலையை அமைப்பது: அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். மேசை எவ்வளவு உயரம், பெட்டி எவ்வளவு கனம், லைன் எந்த வேகத்தில் ஓடுகிறது, ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், ஓய்வு எப்போது விடுகிறார்கள், எல்லாமே இதில் அடக்கம்.

புதுச் சங்கதியும் இல்லை. 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவர்களுக்கு என்ன நோய் வருகிறது என்று எழுதினார். கணக்கெழுதும் குமாஸ்தாக்களின் நோவுக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப் பாரம். கம்ப்யூட்டரில் டேட்டா தட்டும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எர்கோனோமிக்ஸ் என்ற பெயரை 1857இல் போலந்துக்காரர் வோய்ச்செக் யஸ்ட்ரெம்போவ்ஸ்கி வைத்தார். 1949இல் பிரிட்டனில் அதற்கென்று ஒரு சங்கமே அமைந்தது.

“களைப்பும் வலியும் ஒண்ணுதானே? தூங்கி எழுந்தா சரியாயிடும்னு அம்மா சொல்றாங்க.”

அம்மா சொல்வது பாதி சரி. தசை வேலை செய்தால் களைக்கும், ஓய்வு கொடுத்தால் தெளியும். அது உடம்பு சொல்லும் கணக்கு, நோய் இல்லை. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் நாளுக்கு நாள் பாக்கி வைத்துக்கொண்டே போனால்தான் தசைநாண், நரம்பு, மூட்டு என்று கெடத் தொடங்கும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். வேலை நேரத்தில் மட்டும் வலித்து, இரவில் போய்விட்டால் முதல் கட்டம். வீட்டுக்கு வந்தும் விடாமல் மறுநாள் காலையிலும் மிச்சம் இருந்தால் இரண்டாவது. சும்மா இருக்கும்போதும் வலித்து, தூக்கத்தையும் கெடுத்தால் மூன்றாவது. முதல் கட்டத்தில் வேலையைக் கொஞ்சம் மாற்றினாலே போதும். நான் மூன்றாவதில்தான் விழித்துக்கொண்டேன். நடுச்சாமத்தில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போய் எழுந்து, கையை உதறினால்தான் உயிர் வரும். தண்ணீர் பட்ட கையை உதறுவது போல நான் உதறியதைப் பார்த்தே டாக்டர், மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது என்று சொல்லிவிட்டார்.

“நான் ஒரு கிலோகூட தூக்குறதில்லை, உக்காந்த இடத்துல மைக்ராஸ்கோப் பார்க்குறேன். எனக்கு எதுக்குக் கழுத்து வலி?”

தூக்குகிறீர்கள். உங்கள் தலையைத்தான். பெரியவர்களின் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். நிமிர்ந்திருந்தால் கழுத்தெலும்பு தாங்கிக்கொள்ளும். முன்னால் குனிந்தால் பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடித்தாக வேண்டும். அரிசிப் பையை உடம்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

நடக்கும்போது தசை இறுகித் தளர்கிறது, ஒவ்வொரு தளர்விலும் ரத்தம் பாய்கிறது. அசையாமல் பிடித்திருந்தால் இறுகிய தசையே தன் ரத்தக் குழாய்களை நெருக்குகிறது. கழிவு தேங்கி எரிச்சல் எடுக்கிறது. 1960இல் ஜெர்மானியர் வால்டர் ரோமெர்ட், அசையாமல் பிடிக்கும் வேலையை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று அளந்தார். முழுப் பலத்தில் 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் நாளெல்லாம் தாங்கலாம் என்று அவர் கணித்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த எல்லையை இன்னும் கீழே இறக்கின. நம்மால் உணர முடியாத அளவு சின்னப் பாரமும் மணிக்கணக்கில் இறங்காமல் இருந்தால் களைப்பு வரும்.

என் பழைய இடத்தில் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி எனக்கு நாலு விரற்கடை தாழ்வு. பக்கத்து இருக்கைத் தோழி என்னைவிடக் குள்ளம், அவளுக்கு அதுவே கச்சிதம். ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு ஃபோட்டோஸ்டேட் தாளைப் பிரிக்காமல் எடுத்து வந்து அடியில் வைத்தேன். ஒரே வாரத்தில் கழுத்து விட்டது. ஆடிட் வந்தபோது தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது வேறு கதை.

“நாங்க க்யூ.சி.யில சும்மா பார்க்குற வேலை. அதுக்கும் களைப்பா?”

தரம் பார்க்கும் க்யூ.சி. வேலைக்கும்தான், ஆனால் வேறு வகைக் களைப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரியின் தடயத்தைத் தவறவிடுவது ஏன் என்ற கேள்வி பிரிட்டனில் எழுந்தது. நார்மன் மாக்வொர்த் ஒரு கடிகார முள்ளை வைத்துச் சோதித்தார். முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் போடும், அதைக் கண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1948இல் வந்த அவர் முடிவுப்படி, முதல் அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கும் திறன் நன்றாகச் சரிந்துவிட்டது. கவனக் குறைவு என்று உங்களுக்கு வார்னிங் லெட்டர் கொடுப்பவரை அந்த முள்ளின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி இடம் மாற்றி விடுவதுதான் இதற்கு வழி.

“ஒரு ஆள் எத்தனை கிலோ தூக்கலாம்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.”

23 கிலோ. சொல்லிவிட்டேன். ஆனால் இந்த நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வுக் கழகம் 1981இல் ஒரு தூக்கும் வாய்ப்பாட்டைப் போட்டு, 1991இல் திருத்தியது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்கி, ஒவ்வொரு இடைஞ்சலுக்கும் அந்த எடையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைக்காரர் ஒருவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. பொருள் 10 கிலோ அரிசிப் பை, எப்போதாவதுதான் தூக்குகிறார். பை தட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, கை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் எட்ட வேண்டும். வாய்ப்பாட்டில் உடம்பை ஒட்டிய தூரம் 25 சென்டிமீட்டர், அதை 50ஆல் வகுத்தால் பாதி. 23 கிலோ 11.5 ஆகிவிட்டது. பை தரையில் இருக்கிறது, அதற்கு 0.775ஆல் பெருக்கினால் 8.9. தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும், 7.8. பிளாஸ்டிக் பைக்குப் பிடி கிடையாது, 7. தூக்கியதும் உடம்பை 45 டிகிரி திருப்பி கவுண்டரில் வைக்கிறார், 6. ஆக, அவர் இருக்கும் இருப்பில் 6 கிலோதான் தகும். தூக்குவதோ 10.

அதே பையை 75 சென்டிமீட்டர் உயரத் தட்டில் வைத்து, உடம்போடு ஒட்டி எடுத்து, திரும்பாமல் பக்கத்திலேயே வைத்தால் கணக்கு 20 கிலோவைத் தாண்டுகிறது. அரிசியும் அதே, ஆளும் அதே. கடைக்காரர் அன்று சாயங்காலமே அரிசியை இடுப்பளவுத் தட்டுக்கு ஏற்றி, தரையில் அப்பளத்தை வைத்துவிட்டார்.

“இடுப்புல அகலப் பெல்ட் போட்டுக்கிட்டா போதும்ல? கம்பெனியே சும்மா கொடுக்குது.”

கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். முன் பதிலில் சொன்ன அதே கழகம், நோவில்லாத தொழிலாளிக்கு இந்தப் பட்டை அடிபடாமல் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994இலேயே சொல்லிவிட்டது. பிறகு 160 கடைகளில், சரக்கு ஏற்றி இறக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். 2000இல் முடிவு வந்தது. தினமும் பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு நோவில் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் சிகிச்சைக்காகக் கட்டச் சொன்னது வேறு, அதை நான் அவிழ்க்கச் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். கம்பெனி பட்டை கொடுத்த மறுநாள் பெட்டியின் எடையைப் பற்றிய பேச்சே நின்றுபோகும்.

“முட்டியை மடக்கு, முதுகை நேரா வைன்னு வருஷா வருஷம் ட்ரெயினிங் கொடுக்குறாங்க. அப்பவும் வலிக்குதே?”

நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்பதுதான் வழக்கமான பதில். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது மட்டுமே முதுகு வலியைத் தடுக்கிறதா என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2011 காக்ரேன் தொகுப்பாய்வு, தடுப்பதாகத் தெரியவில்லை என்றது. முட்டியை மடக்குவதா, குனிவதா என்ற சண்டைக்கும் தெளிவான தீர்ப்பு கிடையாது. பெட்டி அகலமாக இருந்து முட்டிக்கு நடுவில் அடங்காவிட்டால், மடக்கித் தூக்கும்போது பாரம் உடம்பை விட்டு இன்னும் தள்ளிப் போகும். அரிசிப் பைக் கணக்கைப் பாருங்கள், எடையைப் பாதியாக்கியது அந்தத் தூரம்தான். ட்ரெயினிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டின் உயரத்தைத் தொடாமல் ஆளின் முட்டியை மட்டும் திருத்தினால் போதாது.

“நின்னுக்கிட்டே வேலை செய்றது நல்லதா, உக்காந்தா?”

இரண்டுமே கெடுதல், ஒன்றிலேயே கிடந்தால். 1960களில் ஸ்வீடனில் நாகெம்சன் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் கூடுதல் என்றார். உட்காருவதைப் பற்றிய பயம் அங்கேதான் தொடங்கியது. 1999இல் ஜெர்மனியில் திரும்ப அளந்தபோது, தளர்வாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அழுத்தம் நிற்பதைவிடக் கூடுதலாக இல்லை. ஆக, எப்படி உட்காருகிறோம் என்பதும் உண்டு.

துணிக்கடைப் பிள்ளைகள் நாள் முழுதும் நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி போட்டால் கடை முங்கிப்போகாது. முக்காலியும் இல்லையா, ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு சாண் உயரப் பலகையாவது வேண்டும்.

“எங்க அண்ணன் மாமாக் கடையில ரொட்டி போடுறாரு. தோள்பட்டை போச்சு. வயசாயிடுச்சுன்னு சொல்றாரு, நாப்பத்திரண்டுதான் ஆகுது.”

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையைத்தான் இங்கே மாமாக் கடை என்போம். போய்ப் பார்த்தேன். மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்தித் தட்டுகிறார், பிறகு ஓரத்தைப் பிடித்து வீசுகிறார், மாவு காற்றில் விரிந்து கல்லில் விழுகிறது. பார்க்க அழகு. காலை ஆறரைக்கும் பத்துக்கும் நடுவில் அந்தக் கை நிற்கவேயில்லை. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது, அழுத்தமும் சேர்கிறது, கையும் உயர்கிறது. தோளைக் கெடுக்க இவை மூன்றும் கூடினால் போதும்.

நாடாவை எடுத்து அளந்தேன். நின்று செய்யும் வேலைக்கு மேசை உயரத்தை முழங்கையிலிருந்து கணக்கிடுவார்கள். கண் கூர்ந்து செய்யும் நுட்ப வேலை என்றால் முழங்கையைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே. இலேசான வேலைக்கு 10 முதல் 15 கீழே. அழுத்தம் கொடுக்கும் வேலைக்கு 15 முதல் 40 கீழே, அப்போதுதான் உடம்பின் எடையே அழுத்தும். இவருடைய மேடை முழங்கைக்கு 4 சென்டிமீட்டர்தான் கீழே இருந்தது. அழுத்தும் ஒவ்வொரு முறையும் தோளைத் தூக்கித்தான் அழுத்துகிறார். கடையைக் கட்டியவர் உயரமானவராம். கல்மேடையை உடைக்க முடியாது, அதனால் இவர் நிற்கும் இடத்தில் 12 சென்டிமீட்டர் பலகை மேடை போட்டோம், விளிம்பு தடுக்காதபடி அகலமாக. தோள் முழுசாகச் சரியாகவில்லை. மூன்று வருட நோவு மூன்று வாரத்தில் போகாது. தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) போடும் தம்பியோடு மணிக்கொரு முறை இடம் மாறிக்கொள்ளுங்கள் என்றேன். தம்பிக்கு ரொட்டி வராது என்று சிரித்தார். இப்போது தம்பி கற்றுக்கொண்டிருக்கிறான், வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

“அந்தக் காலத்துல தோள்ல கம்பு வெச்சு ரெண்டு பக்கமும் சோத்துக் கூடையைத் தொங்கவிட்டுட்டு ஜார்ஜ் டவுன் பூரா நடந்தாங்களே, நாசி கண்டார் விக்கிறவங்க. அவங்களுக்கு இடுப்பு வலிக்கலையா?”

எனக்குப் பிடித்த கேள்வி. கேட்டவர் எழுபது தாண்டிய ஐயா, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை’ என்பதுதான் உள்ளர்த்தம். முதலில் கம்பைப் பார்ப்போம். கண்டார் என்பதே அந்தத் தோள்கம்புக்கான பெயர்தான், நம் காவடித் தண்டு மாதிரி. வளைந்து கொடுக்கும் கம்பில் பாரம் தூக்கி ஓடுபவர்களை ரோட்ஜர் கிராம் என்ற ஆய்வாளர் 1991இல் அளந்தார். முதுகில் சுமப்பதைவிட உடம்பு செலவழிக்கும் சக்தி குறையவில்லை. ஆனால் தோளில் விழும் உச்ச அதிர்ச்சி குறைந்தது. கென்யாவில் தலைச்சுமை தூக்கும் பெண்கள், தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி செலவில்லாமல் சுமக்கிறார்கள் என்று 1986இல் கண்டார்கள். பழைய முறைகளுக்குள் அறிவு இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

ஐயாவுக்கு நான் சொன்ன மறுபாதி வேறு. உங்கள் நினைவில் நிற்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். முடியாதவர்கள் கம்பை இறக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், அவர்களை யார் நினைவில் வைத்திருப்பது? ஆய்விலும் இதே வில்லங்கம் உண்டு. வேலையில் இப்போது இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் நலமாகவே தெரிவார்கள், நோவு வந்தவர்கள் ஏற்கெனவே கிளம்பியிருப்பார்கள். என் தாத்தா தோட்டத்தில் பால் காண்டாவை, அதாவது ரப்பர் பால் வாளிகள் தொங்கும் தோள்கம்பை, நாற்பது வருடம் சுமந்தவர். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் கடைசிப் பத்து வருடம் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததேயில்லை.

“நைட் ஷிஃப்ட்ல பகல் வேலைதான் செய்றோம். ஏன் அவ்வளவு அசதி?”

வேலை ஒன்றானாலும் உடம்பு ஒன்றில்லை. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடம்புச் சூடே இறங்கி, தூக்கத்துக்கு இழுக்கும். 2003இல் சைமன் ஃபோக்கார்டும் பிலிப் டக்கரும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். காலை ஷிஃப்ட்டைவிட இரவில் விபத்து, காய ஆபத்து 30 சதவிகிதம் கூடுதல். தொடர்ந்து நான்காவது இரவில், முதல் இரவைவிட 36 சதவிகிதம் கூடுதல். 12 மணி நேர ஷிஃப்ட்டில், 8 மணி நேரத்தைவிட 27 சதவிகிதம் கூடுதல்.

நான் பயப்படுவது ஷிஃப்ட் முடிந்த பிறகுதான். 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கை, ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது ஏறியவரின் கைபோலத் தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து, இரவு வேலை பார்த்து, காலை ஏழுக்கு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தில் ஏறுகிறவர் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார். பாலத்துக்கு அப்பால் பட்டர்வொர்த் பக்கம் போகிறவர்கள் பஸ் இருந்தால் பஸ்ஸில் போங்கள். இல்லையென்றால் லாக்கர் ரூமில் இருபது நிமிடம் கண்ணயர்ந்து, முகம் கழுவிவிட்டு வண்டியை எடுங்கள்.

“ஓ.டி. செஞ்சாத்தான் வீட்டு வாடகை. சட்டத்துக்கு உட்பட்டுதானே செய்றோம், என்ன தப்பு?”

தப்பு உங்கள் மேல் இல்லை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவள்தான் நான். கணக்கை மட்டும் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48இலிருந்து 45ஆகக் குறைந்தது. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மாதத்துக்கு 104 மணி நேரம் வரை போகலாம். வாரத்துக்குப் பிரித்தால் 24. ஆக, சட்டத்துக்குள்ளேயே வாரம் 69 மணி நேரம் உழைக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வோ, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் கூடுதல் என்கிறது. சட்டத்தின் எல்லை வேறு, உடம்பின் எல்லை வேறு.

முதலாளிக்கும் இதில் லாபம் இல்லை என்பது நூறு வருடப் பழைய செய்தி. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் ஞாயிறும் இல்லாமல் வேலை வாங்கிப் பார்த்தார்கள். 1915இல் ஒரு குழு போட்டு ஆராய்ந்தபோது, மணி நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி சரியவில்லை, சில இடங்களில் கூடவே செய்தது.

“மணிக்கு அஞ்சு நிமிஷம் விட்டா டார்கெட் போயிடும்கிறாரு சூப்பர்வைசர்.”

அவரிடம் 2000இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லுங்கள். நாள் முழுதும் டேட்டா தட்டும் ஊழியர்கள், வழக்கமாக 15 நிமிட ஓய்வு இரண்டு. அதோடு, ஓய்வு வராத மணி நேரங்களில் 5 நிமிடம் வீதம் மொத்தம் 20 நிமிடம் கூட்டிக் கொடுத்தார்கள். கண் எரிச்சலும் கை, தோள் நோவும் குறைந்தன. 20 நிமிடம் போயும் தட்டிய அளவு குறையவில்லை. காரணம் எளிது: முழுசாகக் களைத்த தசை தெளிய மிக நீண்ட நேரம் எடுக்கும், களைக்கத் தொடங்கும்போதே விட்டால் சீக்கிரம் தெளியும். இந்த ஐந்து நிமிடத்தில் ஃபோனைக் குனிந்து பார்த்தால் எல்லாம் வீண், மைக்ராஸ்கோப் பதிலைப் பாருங்கள்.

சட்டப்படி ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினால் அரை மணி நேரம் ஓய்வு விட வேண்டும். அது உரிமை. ஆனால் ஐந்து மணி நேரம் பொறுத்த பிறகு வரும் அரை மணி நேரம், மேலே சொன்ன காரணத்தால், பாதி வேலைக்குத்தான் ஆகும்.

“களைச்சுட்டேன்னு சொன்னா நடிப்புங்கிறாங்க. இதை அளந்து காட்ட முடியுமா?”

முடியும். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று ஆளையே கேட்டு, 6 முதல் 20 வரை எண் சொல்லச் சொன்னார். ஏன் 6? சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், நல்ல உடல்நலமுள்ள இளைஞரின் இதயத் துடிப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். 13 என்றால் 130. வாய் சொல்வதும் நாடி சொல்வதும் அவ்வளவு ஒத்துப்போகின்றன. தசையில் மின்னோட்டத்தை அளந்தாலும் களைக்கக் களைக்க அதிர்வெண் இறங்குவது தெரியும், அதை யாரும் நடிக்க முடியாது.

கம்பெனியில் செய்யக்கூடியது இன்னும் எளிது. ஓர் உடம்புப் படத்தைப் போட்டு, எங்கே வலி என்று எல்லோரையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே ஸ்டேஷனில் உட்காரும் மூன்று ஷிஃப்ட்டுக்காரர்களும் அதே வலது தோளைக் குறித்திருந்தால், அதற்கு மேல் நடிப்பு என்று யார் சொல்வது? உடல் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் ரூலா முறை 1993இல் பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் உருவானது. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

“ரோட்டு வேலைக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க, நாங்க ஏர்கண்டுல. எங்க களைப்பெல்லாம் ஒரு களைப்பா?”

வெயிலில் இதயத்துக்கு இரட்டை வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாததால் தோல் சரியாகக் குளிர்வதும் இல்லை. புதிதாக வந்த ஆளுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், முதல் நாளே முழு வேலை வாங்கக் கூடாது. அவர்கள் பாடு பெரிது என்பதால் உங்கள் கழுத்து வலி பொய்யாகிவிடாது.

“கம்பெனி கண்டுக்கலைன்னா சட்டத்துல ஏதாவது இருக்கா?”

இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையில் உள்ள ஆபத்துகளை மதிப்பிடுவது முதலாளியின் கடமை. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். அபராதத்தின் உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகியிருக்கிறது. பழைய சட்டம் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும்தான், இப்போது ஏறக்குறைய எல்லா வேலையிடமும் இதற்குள் வந்துவிட்டது, மாமாக் கடையும் சேர்த்து. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி. 2017இல் எர்கோனோமிக்ஸ் ஆபத்து மதிப்பீட்டுக்கு வழிகாட்டியும் போட்டிருக்கிறது. உள்ளே கேட்கும்போது, “அந்த மதிப்பீடு எங்கள் லைனுக்குச் செய்தாயிற்றா?” என்று எழுத்தில் கேளுங்கள். வலிக்கிறது என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

“சொக்சோவுல கிளெய்ம் பண்ணலாமா? வீட்டு வேலையால வந்த வலின்னு தள்ளிடுவாங்களாமே?”

கீழே விழுந்து கை முறிந்தால் தேதி, நேரம், சாட்சி எல்லாம் இருக்கும். மெல்ல மெல்ல வரும் நோவுக்கு அந்தத் தேதி கிடையாது, சிக்கல் அங்கேதான். சொக்சோ என்பது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அதன் சட்டத்தில் தொழில்சார் நோய்களும் வேலைக் காயமாகவே எண்ணப்படும், ஆனால் வேலைதான் காரணம் என்று காட்டியாக வேண்டும். எனக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கியபோது நான் போன கிளினிக்கில், “வீட்டில் துணி பிழிவீர்களா?” என்று கேட்டார்கள். பிழிவேன் என்றேன். அட்டையில் அதை மட்டும் எழுதினார்கள். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை ஆயிரம் தடவை இடுக்கியை அழுத்துகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை துண்டு, ஒரு துண்டுக்கு எத்தனை அழுத்தல், எத்தனை வருடம், வலி எப்போது தொடங்கியது, லீவு நாளில் குறைகிறதா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். தொழில்சார் நோய் என்று கருதும் டாக்டர் அதை ஜே.கே.கே.பி.க்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2004 விதிமுறை சொல்கிறது, அதையும் பணிவாக நினைவூட்டலாம். சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019இலிருந்து சொக்சோவுக்குள் வந்துவிட்டார்கள், பக்கத்து இருக்கை வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லுங்கள். 55 வயதுக்குக் குறைந்த இல்லத்தரசிகளுக்கு வருடம் 120 ரிங்கிட்டில் தனித் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது.

“வலி மாத்திரை போட்டுட்டு ஷிஃப்ட்டை முடிச்சுடுறேன். இத்தனை வருஷம் ஓடிடுச்சு, இனிமே எதுக்கு மாத்தணும்?”

மாத்திரை வலியை அடக்கும், மேசையை உயர்த்தாது. எப்போதாவது ஒரு நாள் என்றால் நானும் போடுகிறேன். ஷிஃப்ட் தொடங்கும் முன்பே, வலிக்கப்போகிறது என்று தெரிந்து போடத் தொடங்கினால், நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று மேலே உள்ள இரண்டாவது பதிலில் பாருங்கள். மரத்துப்போவது, பிடி நழுவுவது, டம்ளர் கைதவறி விழுவது இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். என் வலது கட்டைவிரலின் அடிச் சதை இன்றும் இடது கையைவிட மெலிந்துதான் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்தாயிற்று, இரவில் மரத்துப்போவது நின்றுவிட்டது. ஆனால் போன சதை திரும்பவில்லை, சட்டைப் பித்தானை இடது கையால்தான் போடுகிறேன்.